உப்பளத்துச் சிவப்பும் தில்லைப் பாலும்: கடல் தரும் மருந்து பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கின்றன: "இது வைரஸைக் கொல்லுமாமே, சாப்பிடலாமா?" சோதனைக் குழாயில் நடப்பது வேறு, நம் ரத்தத்தில் நடப்பது வேறு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: வெயில் ஏற ஏற எங்கள் உப்பளப் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாகிறது. அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்கிறார்களே? (வேதாரண்யம்)

இருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது செல்களைச் சிதைக்கும் தீவிர மூலக்கூறுகளை அடக்கும் பொருள். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் டுனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசியும் சேர்ந்து தரும் நிறம் அது. உப்பு கூடி, வெயில் கொளுத்தி, தண்ணீரில் நைட்ரஜனும் குறைந்துபோனால் அந்தப் பாசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் நிறமியைச் சேர்த்துக்கொண்டே போகும், சில சமயம் அதன் உலர் எடையில் 10 சதவீதம் வரைகூட. ஆஸ்திரேலியாவில் இதற்காகவே பெரிய குளங்களில் வளர்க்கிறார்கள். கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளின் சிவப்பும் இரை வழியாக உடம்பில் சேரும் இந்த வகை நிறமிகளால் வந்ததுதான்.

ஆனால் மாத்திரையாக வாங்கி விழுங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அந்த மாத்திரைப் பக்கமே போகாதீர்கள். கேரட், முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், அதில் பயமில்லை.

கேள்வி: கடல்பாசிப் பொடி தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் சளி, காய்ச்சல் வைரஸ் எல்லாம் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. (நாகப்பட்டினம்)

இதில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. சிவப்புப் பாசிகளில் காரஜீனன் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, அதில் ஒட்டியிருக்கும் சல்பேட்டுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. பல வைரஸ்கள் நம் செல்லில் வந்து ஒட்டுவதே மேற்பரப்பில் உள்ள இதே மாதிரியான சர்க்கரைகளைப் பிடித்துத்தான். காரஜீனன் முன்னாலேயே வைரஸைப் பிடித்துக்கொண்டால் அது செல்லுக்குள் நுழைவது தடைபடுகிறது. இந்த வழியை நம்பி மூக்கு ஸ்பிரேகூட சில நாடுகளில் விற்பனையில் இருக்கிறது.

மூக்கில் அடித்தால் வைரஸ் இறங்கும் இடத்திலேயே அது இருக்கும். வாயில் போட்டால்? இவ்வளவு பெரிய மூலக்கூறு குடலில் உறிஞ்சப்படாது, நார்ச்சத்து போல வெளியேறிவிடும். சரியான இடத்தில் வைத்தும் தோற்றதுண்டு. ஆய்வகத்தில் எச்ஐவியை அழகாகத் தடுத்த காரஜீனன் ஜெல்லைத் தென்னாப்பிரிக்காவில் சுமார் 6,000 பெண்களிடம் சோதித்தார்கள், பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று 2008-இல் முடிவு வந்தது. அப்புறம் அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், சில பழுப்புப் பாசிகளில் ஒரு கிராமிலேயே அதைவிட அதிகம். அயோடின் அளவு மீறினால் தைராய்டு தடுமாறும், அதனால் தைராய்டு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு இந்தப் பொடியைக் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: தில்லை மரத்துப் பாலில் வைரஸுக்கு மருந்து இருக்கிறதா? (சிதம்பரம்)

தயவுசெய்து தொடாதீர்கள். பிச்சாவரத்தில் நிற்கும் அதே தில்லைதான், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், தோலில் பட்டால் கொப்புளம். அதன் இலையிலும் தண்டிலும் இருந்த ஒரு பொருள் செல்களில் எச்ஐவியைத் தடுத்ததாக 1995-இல் ஆய்வு வந்தது நிஜம். அது போர்பால் எஸ்டர் என்ற வேதிப்பொருள் குடும்பம், அந்தக் குடும்பத்தில் பலவும் கடுமையான எரிச்சலூட்டிகள். வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமே இல்லை.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் கடல்பாசிச் சாறு எடுத்திருக்கிறேன். டிபிபிஎச் சோதனையில் (ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை நிறமாற்றத்தை வைத்துப் பார்ப்பது) நல்ல ரிசல்ட். கட்டுரை எழுதலாமா சார்? (மயிலாடுதுறை)

தம்பி, ஊதா நிறம் மஞ்சளாவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் டீத்தூள் சாறும் அதையே செய்யும். டிபிபிஎச் நம் உடம்பில் உருவாகும் பொருளே இல்லை. வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டுப் போடு, செல்லிலும் ஒரு சோதனை வை. வைரஸ் எதிர்ப்பு என்று எழுதப்போகிறாய் என்றால், வைரஸ் இல்லாத வெறும் செல்லில் அதே அளவு சாற்றை ஊற்றி முதலில் பார். செல்லும் சேர்ந்து செத்தால் அது மருந்தில்லை, எலிக்காக வைக்கோல் போரைக் கொளுத்திய கதை. செல்லைப் பாதியாகக் கொல்லும் அளவு, வைரஸைப் பாதியாகத் தடுக்கும் அளவைப் போல குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும். பாசியின் இனத்தையும் உறுதி செய்துகொள், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பக்கத்தில்தானே இருக்கிறது. எந்த மாதம், எந்தக் கரையில் எடுத்தாய் என்பதையும் எழுது, பருவத்துக்கு ஏற்பப் பாசியின் வேதியியல் மாறும்.

கேள்வி: கடலிலிருந்து வைரஸ் மருந்து எதுவுமே வரவில்லையா? (மன்னார்குடி)

வந்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஒரு கரீபியக் கடல்பஞ்சில் விசித்திரமான நியூக்ளியோசைடுகளைக் கண்டார். டிஎன்ஏ-வின் கட்டுமானப் பொருள் போலவே இருக்கும், ஆனால் சர்க்கரை மட்டும் வேறு. அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கிய விடரபின், அக்கி வகை வைரஸ்களுக்கு எதிரான மருந்தாக 1976-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே வழியில் பிறந்த சைட்டரபின் இன்றும் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. மருந்துக்காக யாரும் கடல்பஞ்சை மூட்டை மூட்டையாக அள்ளவில்லை, அதன் வடிவத்தை மட்டும் கடன் வாங்கினார்கள், எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். அள்ளியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கடல்பஞ்சில் கிடைக்கும் ஹாலிகாண்ட்ரின் என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருள் சாட்சி: ஒரு டன் கடல்பஞ்சில் கிடைத்தது சுமார் 300 மில்லிகிராம்.

கேள்வி: கடல் அட்டை சூப் எதிர்ப்பு சக்திக்கு நல்லதா? (அதிராம்பட்டினம்)

2001-லிருந்து இந்தியாவில் கடல் அட்டை பிடிக்கவே தடை. வலையில் சிக்கினால் உயிரோடு கடலில் விடுங்கள்.

கேள்வி: இறால் வெந்ததும் சிவக்கிறதே, அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்டா? (தரங்கம்பாடி)

ஆமாம், அஸ்டாக்ஸாந்தின். பச்சை இறாலில் அது ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால் நீலச்சாயலாகத் தெரிகிறது, சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே வரும். தலையிலும் ஓட்டிலும்தான் அதிகம். எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் தலையைத் தூக்கிப் போடாமல் எண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்தால், மேலே மிதக்கும் அந்தச் சிவப்பு எண்ணெயில் கொஞ்சம் அதுவும் இருக்கும்.