பதுங்குகுழி – கடிதம்

வணக்கம் ஐயா,

முதல் உலகப்போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து மேற்கு முனையில் இரு தரப்பும் ஏன் நாலு வருஷம் குழிவெட்டிக் கிடந்தன? மக்களும் அரசுகளும் என்ன ஆனார்கள்? ஒன்று தோன்றுகிறது. அத்தனை சேற்றிலும் எலிகளுக்கு நடுவிலும் அந்தத் தலைமுறை மனம் தளரவில்லை. இன்றோ சின்னத் தோல்விக்கே ‘ஸ்ட்ரெஸ்’ என்கிறார்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

முதல் கேள்விக்குப் பாடநூலே போதும். முள்கம்பி, இயந்திரத் துப்பாக்கி, பீரங்கி. தாக்குகிறவன் சேற்றில் நடந்து வரவேண்டும், காப்பவனுக்கு ஆள் ரயிலில் வந்து இறங்கும். மக்களா? 1916-17 குளிர்காலத்தில் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு இல்லாமல் மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்றார்கள். அரசுகளை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். மனம் தளரவில்லை என்று யார் சொன்னது உங்களுக்கு? உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் பேச்சுப் போனவர்கள், கை நடுக்கம் நிற்காதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இதை ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டு அதிர்ச்சி, என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் உடனே கணக்குப் பார்த்தது. எதிரியின் குண்டால் வந்ததென்றால் சீட்டில் ‘டபிள்யூ’, அதாவது காயம்; பென்ஷன் உண்டு. இல்லாவிட்டால் ‘எஸ்’, வெறும் நோய், கிடையாது. ஓர் எழுத்தில் ஒரு குடும்பத்தின் சோறு! 1917இல் அந்தச் சொல்லையே எழுதக்கூடாது என்றார்கள்.

ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் இந்த ஷெல் ஷாக்குக்காக ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தவர். திரும்பவும் முன்வரிசைக்கு அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், பிரான்ஸில் நடந்த சோம் போரில், முடியாது என்று நின்றுவிட்டார். விசாரணையில் அவருக்காகப் பேச ஆளில்லை. அக்டோபர் 16 அன்று சொந்த ராணுவமே சுட்டது. வயது 25. மனைவிக்கு பென்ஷன் இல்லை. கோழையின் பெண்டாட்டி என்ற பேச்சுக்கு அஞ்சி, மகளிடம்கூடப் பல வருஷம் அவர் வாய் திறக்கவில்லை. 2006இல் இப்படிச் சுடப்பட்ட 306 பேரை அரசு மன்னித்தபோது அந்த மகளுக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. மன்னிப்பாம். யார் யாரை?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் உங்களைப் போலப் பேசித் திரிந்தவன்தான். என் பெரியப்பா பட்டாளத்துக்காரர். பெரியம்மா கிணற்றடியில் சாக்கு விரித்துத்தான் பாத்திரம் துலக்குவாள். ஏன் என்றால் “தரை தேஞ்சிரும்டா” என்பாள். தரையோ கருங்கல். பத்து வயதில் ஒருநாள், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று அண்டா மூடியைக் கல்லில் ஓங்கிப் போட்டேன். திண்ணையில் பேப்பர் கிடந்தது, பெரியப்பாவைக் காணோம். மாட்டுக்கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது.

பெரியம்மா அடிக்கவில்லை. மூடியை எடுத்துச் சாக்கின்மேல் வைத்துவிட்டு, “யார்ட்டயும் சொல்லிராத, சாமி” என்றாள்.