ஸ்விட்சர்லாந்தில் கடிகாரத்துக்குப் பேர்போன நூஷாத்தெல் ஏரிப் பகுதி எப்படிப்பட்டது? போய்ப் பார்க்கலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஏரிக்கரையில் உலாவிவிட்டுத் திரும்புவதாக இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பேன். ஏரி கீழே இருக்கிறது, கடிகாரம் மேலே மலையில் இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் மேலே போவதே இல்லை.

முதலில் கீழே. முழுக்க ஸ்விட்சர்லாந்துக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் நூஷாத்தெல்தான் மிகப் பெரியது, சுமார் 218 சதுர கிலோமீட்டர். கரையில் மஞ்சள் கல்லால் கட்டிய பழைய நகரம், குன்றின்மேல் கோட்டை, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். பேசுவது பிரெஞ்சு. அழகான ஊர்தான், அரை நாள் போதும்.

ஆனால் இங்குள்ள கலை, வரலாற்று அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். பியேர் ஜாக்கே-துரோ என்ற கடிகாரக் கலைஞரும் அவர் மகனும் லெஷோ என்ற கூட்டாளியும் 1768 முதல் 1774 வரை செய்த மூன்று இயந்திரப் பொம்மைகள் அங்கே இருக்கின்றன. ஒன்று படம் வரைகிறது, ஒன்று இசைக்கருவி வாசிக்கிறது. மூன்றாவது எழுதுகிற சிறுவன். இறகுப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, உதறிவிட்டு, நாற்பது எழுத்துகள் வரை எழுதுகிறான்; எழுதும்போது கண்கள் பேனாவைப் பின்தொடர்கின்றன. எந்த வாசகம் வேண்டுமோ அதற்கேற்ப உள்ளே இருக்கும் சக்கரத்தை மாற்றி அமைக்கலாம். மின்சாரம் கிடையாது, வெறும் சாவி கொடுத்து ஓடுகிற ஸ்பிரிங்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இயக்கிக் காட்டுவது வழக்கம். உங்கள் பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேலே. ரயில் அரை மணி நேரத்தில் லா ஷோ-டெ-ஃபோன் நகருக்குக் கொண்டுபோய்விடும். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். நீண்ட குளிர்காலம், மாடு வளர்ப்பைத் தவிரப் பெரிதாக எதுவும் விளையாத மண். பனி மூடிய மாதங்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்ய ஒரு தொழில் தேவைப்பட்டது. தானியேல் ஜான்ரிஷார் என்ற இளைஞன் வழிப்போக்கன் ஒருவனின் பழுதான சட்டைப்பைக் கடிகாரத்தைச் சரிசெய்து, அதைப் பார்த்தே தானும் ஒன்று செய்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அவர் 1741இல் இறப்பதற்குள் இந்த மலைகளில் கடிகாரத் தொழில் வேரூன்றிவிட்டது என்பது உண்மை.

இந்த ஊர் 1794இல் தீக்கிரையானது. மறுபடி கட்டியபோது சதுரங்கக் கட்டம்போல நேர்த்தெருக்கள் போட்டார்கள். வீட்டு வரிசைகளுக்கு நடுவே தோட்டம் விட்டு இடைவெளி, வரிசை வரிசையாக ஜன்னல்கள். நுணுக்க வேலைக்கு வெளிச்சம் வேண்டும், ஜன்னலோரம்தான் பட்டறை. ஒருவர் முள் செய்வார், அடுத்த வீட்டுக்காரர் முகப்புக்கு எனாமல் பூசுவார், இன்னொருவர் கூட்டைச் செதுக்குவார். ஊர் முழுவதையும் ஒரே கடிகாரத் தொழிற்சாலை என்று கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் வர்ணித்தது இதைத்தான். பக்கத்து ஊரான லெ லோக்லையும் சேர்த்து யுனெஸ்கோ 2009இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அழகான ஊர் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பார்க்கக் கொஞ்சம் கறாரான ஊர். எனக்குப் பிடித்ததே அதுதான். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே பிறந்த ஊர் இது. அவரும் முதலில் கடிகாரக் கூடு செதுக்கத்தான் பயின்றார்.

வீட்டிலிருந்தபடி வேலை செய்தவர்கள் முதலாளியின் கண்காணிப்பு இல்லாமல் அரசியலும் பேசினார்கள். ரஷ்யச் சிந்தனையாளர் குரோப்போத்கின் 1872இல் இந்த ஜூரா மலைக் கடிகாரத் தொழிலாளர்களோடு தங்கிவிட்டுத் திரும்பும்போது, அரசே வேண்டாம் என்கிற அரசின்மைவாதியாகியிருந்தார். அதற்கு முன்பே, 1848 மார்ச் 1 அன்று, மேலூர்க்காரர்கள் பனியில் நடந்து கீழே இறங்கிக் கோட்டையைக் கைப்பற்றி, பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்கு முடிவு கட்டினார்கள். மேலூர், கீழூர் என்ற உரசல் இன்றும் பேச்சில் தெரியும்.

இந்தத் தொழிலைக் கிட்டத்தட்டக் கவிழ்த்த, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் ஆரம்ப மாதிரிகளுள் ஒன்று 1967இல் இதே நூஷாத்தெல் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில்தான் உருவானது. கடைக்கு முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் சைக்கோ, 1969 இறுதியில். 1970வாக்கில் ஸ்விட்சர்லாந்து முழுவதும் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த தொழில், 1980களின் நடுவில் 30,000 சொச்சமாகச் சுருங்கியது. இந்தக் கதை முழுவதையும் லா ஷோ-டெ-ஃபோனின் சர்வதேசக் கடிகார அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதற்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள்.

இன்னும் ஒரு நாள் மிஞ்சினால் வால்-டெ-த்ராவேர் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அப்சிந்த் மதுவின் பிறப்பிடம் அது. 1910 முதல் 2005 வரை சட்டம் அதைத் தடை செய்திருந்தது, ஊர்க்காரர்கள் கள்ளத்தனமாகக் காய்ச்சிக்கொண்டேதான் இருந்தார்கள். மோத்தியே கிராமத்தில் அவர்கள்மீது வழக்கு நடந்த கட்டடத்திலேயே இப்போது அப்சிந்த் அருங்காட்சியகம் இயங்குகிறது. ருசி பார்க்கவும் தருகிறார்கள்.