என்எஃப்எஸ்ஸை வேகமாக்கும் கார்டு வாங்கலாமா?

கேள்வி: சாலிகிராமத்தில் எடிட்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆறு கம்ப்யூட்டர்கள் லினக்ஸ் சர்வரிலிருந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக ஃபுட்டேஜ் எடுக்கும்போது திணறுகிறது. என்எஃப்எஸ் வேலை முழுவதையும் தானே செய்யும் நெட்வொர்க் கார்டு என்று ரிச்சி தெரு டீலர் ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். டேட்டாவைச் சிறு பாக்கெட்டுகளாக வெட்டுவது, பிழை கண்டுபிடிக்க உதவும் செக்சம் எண்ணைப் போடுவதெல்லாம் உங்களிடம் இருக்கும் கார்டே செய்யும். என்எஃப்எஸ்ஸைப் பிரித்துப் படிப்பது வேறு வேலை.

ஹார்டுவேருக்கு, டேட்டா எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். என்எஃப்எஸ்ஸில் அது நிலையாக இருக்காது. வழக்கமான செட்டிங்கில் ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் போகிறது. 'எடிட்1' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் 5 எழுத்து. அதை நான்கின் மடங்காக்கினால் 8 பைட். 'கலர்கிரேடு1' என்று மாற்றினால் 12. பெயரை மாற்றினாலே டேட்டா 4 பைட் தள்ளிப்போகிறது! ஃபைல் ஹேண்டில், அதாவது எந்த ஃபைல் என்று சொல்லும் அடையாளமும் இப்படித்தான். 1989-இல் வெளியான என்எஃப்எஸ் இரண்டாம் பதிப்பில் அது எப்போதும் 32 பைட். 1995-இன் மூன்றாம் பதிப்பில் '64 வரை எவ்வளவும்', நான்காவதில் '128 வரை'. போதாததற்கு நான்காவதில் பல கட்டளைகளை ஒரே கோரிக்கையில் கோக்கலாம்; முந்தியவற்றை வரிசையாகப் படித்தால்தான் டேட்டா கிடைக்கும். இடத்தையும் நீளத்தையும் முதலிலேயே எழுதியிருந்தால் போதும். அதைச் செய்யாமல் பழைய வடிவத்தையே பதிப்புக்குப் பதிப்பு சுமந்துவருகிறார்கள்.

ஒரு விலக்கு உண்டு: ஆர்டிஎம்ஏ, அதாவது ஒரு கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து இன்னொன்றின் மெமரிக்கு நெட்வொர்க் வழியாக டேட்டாவை நேராக மாற்றும் முறை. இதில் டேட்டா எங்கே போக வேண்டும் என்பதைத் தனித் தலைப்பு சொல்லிவிடும். கார்டு நேராக மெமரியில் வைத்துவிடும். ஆனால் சர்வர், கம்ப்யூட்டர் இரண்டு பக்கமும் ஆர்டிஎம்ஏ கார்டு வேண்டும். சர்வருக்கு மட்டும் ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஜாக்கிரதை. அப்புறம், கெர்பரோஸ் என்ற பாதுகாப்பு முறையை வைத்து டேட்டாவை என்கிரிப்ட் செய்தால் இந்த நேரடி வழி அடைபட்டுவிடும். என்கிரிப்ட் செய்யாமல், டேட்டா வழியில் மாறவில்லை என்று பார்க்கும் கெர்பரோஸ் சோதனையை மட்டும் வைத்தாலும் அதே கதிதான். இதையெல்லாம் எந்த டீலரும் தானாகச் சொல்ல மாட்டார்.

'ஆர்டிஎம்ஏ வழியாக என்எஃப்எஸ் ஓடும்' என்று கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் ஒரே பெரிய ஃபைலை வைத்து டெஸ்ட் எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமும் தனி ஃபைலாக இருக்கும் உங்கள் டிபிஎக்ஸ் ஃபோல்டரைக் கொடுங்கள். ஃபிரேமுக்கு ஒரு தடவை திறந்து மூடும் நேரத்தை எந்தக் கார்டும் பெரிதாகக் குறைக்காது.

அதற்கு முன், கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் கர்னல் 5.3 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், மவுண்ட் செய்யும்போது, சர்வருக்கு எத்தனை இணைப்பு திறப்பது என்று சொல்லும் 'என்கனெக்ட்' (nconnect) மதிப்பை 4 என்று வைத்துப் பாருங்கள். செலவே இல்லை. அப்படியும் திணறினால் சர்வரின் டிஸ்க்கைப் பாருங்கள்.