உதடு ஒட்டாத கட்டுரை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி நடத்துகிறேன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். எழுத்து விளையாட்டுகள் வைக்கலாமா? தமிழை விளையாட்டாக்குகிறேன் என்று பெற்றோர் சொல்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. பரிசு கொடுக்கலாமா? நான்கைந்து பயிற்சிகள் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு போட்டிக்கு நடுவராக இருந்து, 'அம்மா' என்ற தலைப்பில் ஒரு கட்டுக் கட்டுரைகளைப் படித்து முடித்திருந்தேன். எல்லா அம்மாக்களும் நடமாடும் தெய்வங்கள். ஒருத்திக்கும் முகமில்லை. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. தலைப்பை மட்டும் வீசிவிட்டுப் போகிறவர்கள் மேல்தான்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியவே இல்லை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பா பாடிய காளமேகத்தின் மொழி இது. எட்டயபுரத்தில் 'பாரதி சின்னப்பயல்' என்று ஈற்றடி கொடுத்து வம்புக்கு இழுத்தவரை, அதே அடியில் முடியும் வெண்பாவால் சிறுவன் பாரதி மடக்கியதாகச் சொல்வார்கள். விளையாடாமல் இங்கே யார் கவிஞரானார்கள்?

என் தமிழாசிரியர் ஒருநாள் கரும்பலகையில் 341ஆம் குறளை எழுதினார்: 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்.' உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார். உதடுகள் ஒட்டவே இல்லை. ப, ம வந்தால் இதழ்கள் கூடும். வ வந்தால் பல் கீழுதட்டைத் தொடும். "இந்த மூன்றின் வரிசையும் இல்லாமல் உங்கள் அம்மாவைப் பற்றி எழுதுங்கள்" என்றார்.

எழுத உட்கார்ந்ததும் திகைத்துப்போனோம். அம்மா இல்லை. அன்பு, பாசம், தியாகம், தெய்வம், பொறுமை, பெருமை எதுவும் இல்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த அத்தனை சொல்லும் ஒரே அடியில் போய்விட்டது. என் பக்கத்து இருக்கைப் பையன் எழுதினான்: "அடுக்களையில் நின்றாள். எங்களுக்குச் சோறு இட்டாள். சட்டியைச் சுரண்டித் தின்றாள்." அவர்கள் வீட்டில் சோறு போதவில்லை என்பது வகுப்புக்கு அன்றுதான் தெரிந்தது. தலைப்பை மட்டும் கொடுத்திருந்தால் அவனும் தெய்வம் என்றுதான் எழுதியிருப்பான்.

ஆகவே, 'கற்பனையைப் பறக்க விடுங்கள்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். விதி கொடுங்கள். கறாரான விதி, விலக்கே இல்லாத விதி. பாரிஸில் 1960இல் சில எழுத்தாளர்களும் கணித அறிஞர்களும் இதற்கென்றே ஊலிப்போ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதில் பின்னர் சேர்ந்த ழார்ழ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரெழுத்து ஓரிடத்தில்கூட வராத ஒரு நாவலை 1969இல் வெளியிட்டார். அவருடைய தந்தை போரில் மாண்டவர். தாய் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தாய், தந்தை என்ற சொற்களை எழுதவே முடியாது. இதை வெறும் விளையாட்டு என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

பரிசு வேண்டாம். பெற்றோர் முணுமுணுத்தால் அவர்களுக்கும் தாளும் பேனாவும் கொடுத்து அதே விதியோடு எழுத வையுங்கள். நீங்களும் எழுதி, பிள்ளைகளுக்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள். நான்கைந்து பயிற்சிகள் கேட்டிருந்தீர்கள். இந்த ஒன்றையே ஒரு மாதம் செய்துவிட்டு எழுதுங்கள்.