சரிவு வீட்டின் பின்னறைப் புழுக்கம்

பின்னறைச் சன்னலைப் பெரிதாக்கிப் பயனில்லை, காற்று வெளியேற வழி செய்யுங்கள். சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் உள்ள உங்கள் சரிவு வீட்டில் எல்லாச் சன்னலையும் திறந்தும் கீழ்த்தளப் பின்னறை மட்டும் புழுங்குகிறது என்கிறீர்கள். அந்தச் சன்னலுக்கு எதிரே மண்தாங்கும் சுவர் இருந்தால் நேர்க்காற்று வராது. அறைக்கதவும் சாத்தியிருந்தால், வந்த கொஞ்சக் காற்றுக்கும் போக்கிடம் இல்லை.

இரவில் எல்லா விசிறிகளையும் நிறுத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கதவருகே பிடியுங்கள். புகை நேரே மேலே போனால் ஓட்டமே இல்லை. பிறகு கதவையும் மாடிப்படி உச்சியிலுள்ள சன்னலையும் திறந்து மறுபடி பாருங்கள். புகை படிக்கட்டுப் பக்கம் சாய்ந்தால் கதவுக்கு மேல் லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுத் திறப்பு) வைத்தாலே போதும், சுவரை இடிக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று. உள்ளும் வெளியும் 2, 3 டிகிரிதான் வித்தியாசம் என்றால் சூடு மேலெழுவதால் வரும் ஓட்டம் மிக மெல்லியது. அறைக்காற்று மாறும், உடம்பில் படாது. வியர்வை காயக் கூரைவிசிறி வேண்டும்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இங்கே காற்று பொதுவாக மெலிவு, திசையும் நிலையில்லை. அப்போது ஒரே இரவு பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஈரம் என்று பயந்து மண்தாங்கும் சுவரின் நீர்வடி துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பின்னால் தேங்கும் மழைநீர் சுவரையே தள்ளும்.