ஒழுக்கும் ஒழுக்கமும்

கேள்வி: அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் கால்பந்து வீரர்களின் உடைமாற்றும் அறையையும் அதைச் சேர்ந்த கட்டடத்தையும் புதுப்பிக்க 2 கோடியே 80 லட்சம் டாலர் செலவிட்டார்களாம். அதே வளாகத்தில் நூலகம் ஒழுகுகிறதாம். படிப்பைவிட ஆட்டம் பெரிதாகிவிட்டதா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 'ஒழுகுகிறது' என்ற சொல்லைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. கூரைக்கும் குணத்துக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்த மொழி நம்முடையது. மனிதன் ஒழுகினால் ஒழுக்கம். கூரை ஒழுகினால் வாளி. 'இறுதிவரை நேர்மையாக ஒழுகினார்' என்று ஒரு பெரியவருக்கு இரங்கல் குறிப்பு எழுதினேன். அச்சில் 'நேர்மையாக' விழுந்துவிட்டது. அவர் குடும்பத்தார் என் வீட்டு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார்கள். குற்றம் பிழை திருத்தியவருடையது என்று நானும், என் கையெழுத்துடையது என்று அவரும் பதினோரு வருடமாக வழக்காடுகிறோம். இந்தப் பதிலையும் அவர்தான் திருத்தப்போகிறார், பார்ப்போம்.

லூசியானாவுக்கு வருகிறேன். அந்த அறையில் ஒவ்வொரு வீரருக்கும் உள்ள இருக்கை, சாய்த்தால் படுக்கையாகிவிடும். நூலகத்தில் தூங்கினால் எழுப்பிவிடுவார்கள். இங்கே தூங்குவதற்கென்றே செலவு. தூக்கம் வீண்போகவில்லை: அந்தப் பருவத்தில் 15 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டத்தைத் தட்டிச் சென்றார்கள். பணமும் கொடையாளர்கள் தந்தது. ஆட்டத் துறை பல ஆண்டுகள் தன் வருமானத்திலிருந்து படிப்புப் பக்கத்துக்கும் பணம் கொடுத்து வந்திருக்கிறது. ஆகவே வீரர்களைத் திட்டிப் பயனில்லை. கொடையாளரைக் கேளுங்கள். புது அறைக்குப் பெயர்ப்பலகை உண்டு, திறப்பு விழா உண்டு. தார் பூசி ஒழுக்கை அடைத்த இடத்தில் யார் பெயரைப் பொறிப்பது? அதற்கு ரிப்பன் வெட்ட மொட்டைமாடிக்கு எந்தப் பிரமுகர் ஏறுவார்?

இதே பல்கலைக்கழகம் 1930களின் தொடக்கத்தில் செய்ததைக் கேட்டால் இன்னும் ரசிப்பீர்கள். மாணவர் விடுதிக்கென்று 2,50,000 டாலர் இருந்தது. மைதானத்தை உயர்த்தப் பணம் இல்லை. ஆட்டத் துறைக்காரர் ஒருவர் தலைவரிடம் யோசனை சொன்னார்: பார்வையாளர் படிக்கட்டுகளை உயர்த்துங்கள், அவற்றுக்கு அடியில் விடுதி அறைகளை வையுங்கள். கணக்கில் விடுதி, கண்ணுக்கு மைதானம். மாணவர்கள் பல பத்தாண்டுகள் அங்கே குடியிருந்தார்கள். மைதானத்தின் வெளிச்சுவரில் அந்த ஜன்னல்கள் இன்றும் வரிசையாகத் தெரியும். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம் பத்திரிகையின் கணக்காளருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ஆட்டத்தை ஒழித்தால் படிப்பு வளருமா என்று சோதித்தவர்களும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹட்சின்ஸ் என்ற தலைவர் 1939-இல் கால்பந்தையே நிறுத்தினார். மைதானம் வெறிச்சோடியது. போர்க்காலத்தில் அணு உலைக்கு ஊருக்கு வெளியே தனிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. தொழிலாளர் தகராறால் தாமதமானது. உலையை அமைக்க வந்த இயற்பியலாளர் ஃபெர்மி காத்திருக்கவில்லை. அந்த மைதானத்தின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் (சுவரில் பந்தடிக்கும் ஆட்டம்) கூடத்தில் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி உலையைக் கட்டினார். 1942 டிசம்பர் 2 அன்று, மனிதன் கட்டிய உலையில், ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் முதல் தொடர்வினை அங்கேதான் நடந்தது. வெள்ளோட்டம் பார்க்க ஆய்வகம் இல்லை. ஆட்டக் கூடம் போதுமானதாக இருந்தது. பிறகு படிக்கட்டுகளை இடித்தார்கள். 1970-இல் அந்த நிலத்தில் பெரிய நூலகம் ஒன்று திறக்கப்பட்டது. கால்பந்து அதற்கு முந்தைய ஆண்டே திரும்பி வந்துவிட்டது.

உலைச் செய்தி சோவியத் ரஷ்யாவுக்குப் போனபோது, அங்கே ஒருவர் 'ஸ்குவாஷ்' என்பதை ஆங்கிலத்தில் அதே பெயருள்ள காய் என்று எண்ணிப் 'பூசணித் தோட்டம்' என்று மொழிபெயர்த்துவிட்டாராம். நிஜமோ, பின்னால் கட்டிய கதையோ. மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. இவரை மட்டும் மன்னிக்கிறேன். ஒரு பெருநகரத்தின் நடுவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார்கள். காயின் பெயரைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.