மயோர்க்கா மலைக்கு எந்த சைக்கிள்?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், வயது 46. வாரக் கடைசியில் 60, 70 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவேன். ஏப்ரலில் நண்பர்களோடு ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்கு ஒரு வாரம் போகிறேன். என் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? கார்பன் சைக்கிளுக்கு அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாடகை கேட்கிறார்கள். அந்தக் காசு தகுமா?

பதில்: ஒரு வாரம்தானே, வாடகைக்கே எடுங்கள். கொண்டுபோனால் பெட்டி வேண்டும், விமானத்தில் போகவும் வரவும் தனிக் கட்டணம், இறங்கியதும் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட அரை நாள். பெடல், ஷூ, ஹெல்மெட் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஸ்பெயினில் ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். கிராங்க்கின் (பெடல் மாட்டும் தண்டு சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை அளந்து செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரே நிமிடத்தில் சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்துவிடுவார்.

கார்பனா அலுமினியமா என்பதைவிட முதலில் கேட்க வேண்டியது கியர். அந்தத் தீவில் எல்லோரும் ஏற ஆசைப்படும் சா கலோப்ரா சாலையை எடுத்துக்கொள்வோம். அந்தோனியோ பரியெட்டி என்ற பொறியாளர் 1930களில் போட்டது. ஓரிடத்தில் சாலை வட்டமாகச் சுற்றித் தன் அடியிலேயே நுழைந்து போகும். டை முடிச்சு என்றே அதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால் சாலை கடற்கரையோடு முடிந்துவிடும். முதலில் ஜாலியாக இறங்கிவிடுவீர்கள், அப்புறம் அதே வழியில் ஏறித்தான் ஆக வேண்டும். சுமார் 9.5 கிலோமீட்டர், சராசரி 7 சதவீத ஏற்றம்.

மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் பல்சக்கரத்தில் 36 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 62 முறைதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் முட்டியைப் பிடிக்கும். முன்னும் பின்னும் 34 பல் என்றால் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 79 மிதி, கால் இலகுவாகச் சுற்றும். சரி, கார்பன்? நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, கார்பனால் ஒன்றரைக் கிலோ குறைகிறது என்றால், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த நிமிடத்துக்கு இரட்டை வாடகை கொடுப்பது உங்கள் விருப்பம். நான் கொடுக்க மாட்டேன். அலுமினியத்தில் முன்னும் பின்னும் 34 பல் இருந்தால் அதையே எடுப்பேன்.

பிரேக்கையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் வலது கை முன் பிரேக். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பெரும்பாலும் இடது கைதான் முன் பிரேக். பழக்க தோஷத்தில் கொண்டை ஊசி வளைவில் தப்பான கையை அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மாற்றித் தருவார்களா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கைக் கவுன்டரில் நின்றபடி மாற்ற முடியாது. மலைச் சாலையில் சுரங்கப் பாதையும் உண்டு, பின் விளக்கு இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

கடைசியாகப் போட்டோ. போன தடவை ஒரு கடையில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது, செயினுக்குப் பக்கத்தில் இருந்த கீறலைக் காட்டி டெபாசிட்டில் கை வைத்தார்கள். எடுக்கும்போதே இருந்த கீறல்தான், ஆனால் என்னிடம் ஆதாரம் இல்லை. இப்போதெல்லாம் ஃபிரேம், இரண்டு ரிம், பின் கியர் தொங்கும் கொக்கி எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுத்து, அங்கேயே நின்று அவருக்கு மெயில் அனுப்பிவிடுகிறேன்.

கேள்வி: ஹோட்டல், சைக்கிள், வழிகாட்டி மூன்றும் சேர்த்து ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் விலை சொல்கிறது. விமான டிக்கெட் மட்டும் நாங்களே எடுக்க வேண்டுமாம். பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா?

பதில்: பாதிக்கு உண்டு. இப்படிச் சேர்த்து விற்பது 2018ஆம் ஆண்டு பேக்கேஜ் பயண விதிகளுக்குள் வரும். நிறுவனம் மூழ்கினால் அவர்களுக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடு இருந்தாக வேண்டும். அது என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் தனியாக எடுத்த விமான டிக்கெட் இதில் சேராது. பயணம் ரத்தானால் டிக்கெட் உங்கள் தலையில். விமானமும் உள்ளடங்கிய பேக்கேஜ் என்றால் ஏட்டால் (ATOL, விமானத்தோடு விற்கும் பேக்கேஜ்களுக்கான பிரிட்டிஷ் பணப் பாதுகாப்புத் திட்டம்) சான்றிதழ் வாங்குங்கள்.

அட்வான்ஸை டெபிட் கார்டில் கட்டாதீர்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பயணத்துக்கு அட்வான்ஸை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், சொன்னபடி நடக்காவிட்டால் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனத்திடம் போகலாம். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு அது.

கேள்வி: ஏப்ரலில் நடக்கும் 'மயோர்க்கா 312' என்ற நெடுந்தூர சைக்கிள் நிகழ்ச்சியில் ஓட்டப் போகிறேன். சாதாரணப் பயணக் காப்பீடு போதுமா?

பதில்: பாலிசியில் 'பந்தயம்', 'நேரம் கணக்கிடப்படும் நிகழ்ச்சி' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். விலக்குப் பட்டியலில் இருந்தால் அன்றைக்கு விழுந்து எலும்பு முறிந்தாலும் காசு வராது. ஜிஹெச்ஐசி அட்டை (GHIC, வெளிநாட்டில் சிகிச்சை பெற பிரிட்டன் தரும் சுகாதார அட்டை) இருக்கிறதே என்பார்கள். அது அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டும். மலையிலிருந்து மீட்கவும், படுத்த நிலையில் ஊர் திரும்பவும் ஆகும் செலவுக்கு அது உதவாது.